சப்பாத்துத் திட்டமா, மருந்துத் திட்டமா?

பிள்ளைகளே, நம் சனத்திடம் போய் "என்ன மருந்து பாவிக்கிறியள்?" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைக்காது, பிரார்த்தனைதான் கிடைக்கும். "கடவுளே எண்டு ஒரு வருத்தமும் இல்லை" என்பார்கள். சொல்கிறவரின் சட்டைப் பைக்குள் குளிசைப் போத்தல் கிலுகிலுக்கும். நீங்கள் அது காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். வேலையை விட்டு ஓய்வுக்குப் போகிறவர்களுக்கு மருந்துத் திட்டம் தெரிவு செய்து கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். திட்டங்களின் விவரம் எல்லாம் நிறுவனமே படிப்பித்துவிடும். நம் சனத்தின் வெட்கத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்தப் பாடத்தை மட்டும் நான் எடுக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கனடாவில், எங்கள் ஸ்காபரோ அலுவலகத்துக்கு ஒரு அங்கிள் வந்தார். தனக்கு ஒன்றுமில்லையாம், தன் கூட்டாளி ஒருவருக்குத்தான் சீனி வருத்தமாம், கூட்டாளிக்கு எந்தத் திட்டம் நல்லது என்று கேட்டார். கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். காருக்குள்தான் இருக்கிறார், வெட்கப்படுகிறார் என்றார். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். காருக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அங்கிள் போனவர் போனவர்தான்.

எனக்குத் தொழில் பழக்கிய மனேச்சர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கிழித்தார். "அந்த வாழைப்பழத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் குடுத்திருக்க வேணும் நீ. உனக்கென்ன எட்டிப் பார்வை? ஆற்ற வருத்தமும் உன்ர வாயால வெளியில வரக் கூடாது. ஆளுக்கு முன்னால ஆளின்ர மானத்தை வாங்கக் கூடாது." அந்தக் கட்டளையை நான் ஓய்வு பெறும்வரை காப்பாற்றினேன். ஆனால் ஒரு நாள், அதைக் காப்பாற்றினால் ஒரு மனிதர் முடமாகிப் போவார் என்ற நிலை வந்தது. அந்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

குணம் அண்ணை ஒஷாவாவில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வீடு விட்பியில். அறுபத்தொரு வயதில் வேலையை விட்டார், உண்மையில் வேலைதான் அவரை விட்டது. அவருக்கு மூட்டுவாதம். சும்மா முழங்கால் நோ இல்லை, விரல்களெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கி முறுகிப் போகிற வாதம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓர் ஊசி போட்டால் ஆள் சோக்காக நடந்து திரிவார். போடாவிட்டால் சட்டைப் பொத்தான் பூட்டுவதற்கும் மனைவி சரோ அக்கா வர வேண்டும். அந்த ஊசி யானை விலை. அதுவரை கம்பனியின் காப்புறுதி அதைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஒன்ராறியோவில் அறுபத்தைந்து வயதானால் அரசாங்கத்தின் மருந்துத் திட்டம் வந்துவிடும். அதுவரை இருக்கிற இடைவெளிக்கு அவருடைய காப்புறுதி நிறுவனம் இரண்டு திட்டங்களை வைத்திருந்தது. ஒன்று மருந்துத் திட்டம், மாதக் கட்டணம் கூட. மற்றது மலிவு. அதில் மருந்து கிடையாது, ஆனால் மசாஜ் உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு, பாதத்துக்கு அளவெடுத்துச் செய்கிற சப்பாத்தும் உண்டு. வேலையை விட்டபின் தருகிற கெடுவுக்குள் எடுத்தால் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். கெடு தாண்டினாலோ, மலிவை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றப் பார்த்தாலோ, கேள்வி தொடங்கும். அந்த ஊசியின் பெயரைக் கேட்டவுடன் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இதெல்லாம் குணம் அண்ணைக்கு வடிவாகத் தெரியும். ஒரு கோப்பிக் கடையில் வைத்து நானே விளக்கினேன். "தங்கச்சி, மருந்துத் திட்டம்தான். வேற கதையில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. சம்மந்தி பகுதிக்கு ஊசிக் கதை தெரியக் கூடாது. பரம்பரை வருத்தம் எண்டு ஆரும் கொழுத்திப் போட்டா?" மகளும் மாப்பிள்ளையும் தாங்களாகவே விரும்பிக் கட்டுகிறவர்கள். அவர்களுக்குச் சாதகமும் தேவையில்லை, வாதமும் பொருட்டில்லை. ஆனால் நம் பெற்றோருக்கு, பிள்ளைகள் விரும்பிச் செய்கிற கலியாணத்திலும் மறைக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

படிவத்தில் சரோ அக்காவும் கையெழுத்து வைக்க வேண்டும். அக்கா கூறைச்சேலைக்கு அலைந்ததில் நாள் இழுபட்டு இழுபட்டுக் கெடுவின் கடைசி நாளில் வந்து நின்றது. மாலை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். நான் மத்தியானமே விட்பிக்குப் போய்விட்டேன். வாசலில் தெரியாத செருப்புகள் கிடந்தன. உள்ளே மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்" என்றார் தகப்பன். ஸ்காபரோவிலிருந்து விட்பிக்கு ஒருவரும் சும்மா வருவதில்லை. கலியாண மண்டபச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க வந்திருந்தார்கள்.

என் கையில் இருந்த படிவங்களைக் கண்டதும் சரோ அக்கா பதறிப்போய், "இன்சூரன்ஸ் காரியமா வந்திருக்கிறா" என்று உளறிவிட்டார். குணம் அண்ணை உடனே கையிரண்டையும் சோபாத் தலையணைக்கு அடியில் செருகினார். விரல்கள் அன்று மோசமாக இருந்தன. பிறிட்ஜில் கடைசி ஊசி ஒன்றுதான் மிச்சம், புதுத் திட்டம் வரும்வரை அதைத் தொட மனம் வராமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மருந்துப் பிளானோ?" என்று கேட்டார் சம்பந்தி.

"சீச்சீ, எனக்கென்ன வருத்தம்? பனடோலே போடுறேல்லை" என்றார் குணம் அண்ணை.

"நாங்களும் அப்பிடித்தான்" என்றார் சம்பந்தி. அவருடைய மனைவி மேலே விளக்கைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது சுகதேகிப் போட்டி. குணம் அண்ணை தான் படியேறி இளைத்ததே இல்லை என்றார். சம்பந்தி தான் பனி வழிக்கும்போது அயல்வீட்டு வாசலையும் சேர்த்து வழிப்பதாகச் சொன்னார். சரோ அக்கா தங்கள் பரம்பரையில் எல்லாருமே தூக்கத்தில் போனவர்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இந்த நாலு பேருக்கும் குடும்ப டொக்டர் எதற்கு என்று யோசனை வந்தது.

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு திட்டத்தின் தாள்களையும் எடுத்துப் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உங்களுக்கு இதுதான் சரி. சப்பாத்துத் தாறாங்கள், பாருங்கோ."

"வயது போகப் போக மருந்து தேவைப்படுமல்லோ" என்று நான் மெதுவாக இழுத்தேன்.

"ஆருக்கு, இவருக்கோ? ஆளைப் பாருங்கோ, இரும்பு மாதிரி. சப்பாத்தை எடுங்கோ அண்ணை."

இரும்பு, தலையணைக்கு அடியிலிருந்து கையை எடுக்க முடியாமல் சிரித்தது.

எனக்கு வேண்டியது அவரோடு தனியே ஒரு நிமிடம். "அண்ணை, ஒருக்கா குசினிக்குள்ள வாங்கோ, ஒரு விளக்கம் கேக்க வேணும்" என்றேன். குசினிக்குள் போனோம். சம்பந்தியின் மனைவி வெறுங் கோப்பைகளோடு பின்னால் வந்துவிட்டார், கழுவித் தருகிறாராம். சரோ அக்கா விடமாட்டேன் என்று கோப்பையைப் பிடித்து இழுக்க, அவர் இழுக்க, நாங்கள் திரும்பி வந்தோம். அடுத்ததாக, "பேஸ்மென்டில ஃபேர்னஸ் எந்த வருசத்தது எண்டு பாக்க வேணும்" என்று ஒரு பொய்யை அவிழ்த்தேன். மருந்துத் திட்டத்துக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருமாக இறங்கி வந்தார்கள். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு, கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பது போல ஃபேர்னஸைப் பார்த்தோம். "நல்ல சாமான்" என்றார் சம்பந்தி.

அவர்களாவது எழுந்து போனால் காரியம் முடியும். எழுந்தார்களே! "அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்" என்று சம்பந்தி மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் குணம் அண்ணையே, தன்னுடைய ஊசிக்குத் தானே உலை வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டே, "என்ன கதை இது, சாப்பிடாமல் போறதோ? இருங்கோ" என்று உட்கார வைத்தார். பெண் வீட்டுக்கு முதன்முதல் வந்த சம்பந்தியைப் பசியோடு அனுப்பினால் அந்தக் கதை ஸ்காபரோ முழுக்கப் போகும். அவர்களும், பெண் வீட்டார் சாப்பிடச் சொல்லும்போது சாப்பிடாமல் போனால் மரியாதை இல்லை என்று திரும்பத் திரும்ப உட்கார்ந்தார்கள். புட்டு வந்தது. மீன் குழம்பு வந்தது. பிறகு பாயாசம். குணம் அண்ணை தனக்குப் பசியில்லை என்று கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். மணி நாலும் தாண்டிவிட்டது.

பாயாசத்துக்குப் பிறகு சம்பந்தி பேனையை எடுத்து நீட்டினார். "தங்கச்சி எவ்வளவு நேரமாக் காத்துக்கொண்டிருக்கிறா. வையுங்கோ அண்ணை சப்பாத்துக்குக் கையெழுத்தை."

குணம் அண்ணை பேனையை வாங்கினார். வாங்கிய விரல்கள் மடங்கவில்லை, உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திப் பிடித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மனிதர் கையெழுத்து வைக்கத்தான் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. நாலு வருடம் நடமாட்டம் இல்லாமல் கிடந்தாலும் பரவாயில்லை, இந்த மேசையில் மானம் போகக் கூடாது. மகளுக்காகச் செய்கிறாராம். கலியாணத்தன்று அந்த மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க இந்தக் கையால் முடியுமா என்று அவர் யோசிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் அவருக்கு ஊசி கிடைத்திருக்கும், ஆனால் என்னை நம்பிச் சொன்ன இரகசியத்தை ஊருக்கு முன் எடுத்துப் போட்டவள் ஆகியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வாங்கியிருந்தால் என் மனேச்சர் என்னை மெச்சியிருப்பார். மற்றவரின் வருத்தத்தைச் சொல்லத்தான் எனக்குத் தடை. என்னுடைய வருத்தத்தைச் சொல்ல ஒரு சட்டமும் தடுக்கவில்லை. அது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கைப்பையைத் திறந்து என் குளிசைப் பெட்டியை எடுத்து மேசையில், பாயாசக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தேன். கிழமைக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி.

"குறை நினைக்காதேங்கோ, நேரம் பிந்திப் போச்சு" என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். "இது பிரஷருக்கு. இது கொலஸ்ட்ரோலுக்கு. இது சீனிக்கு. இந்தச் சின்னன் மனம் சரியில்லாததுக்கு. என்ர மனுசன் செத்த பிறகு தொடங்கினனான், இன்னும் விடேல்லை. இது இல்லாட்டி எனக்குக் கட்டிலால எழும்பேலாது. அதாலதான் நான் மருந்துத் திட்டம் வைச்சிருக்கிறன்."

கடைசிக் குளிசையைப் பற்றி அதுவரை என் கூடப் பிறந்த தங்கைக்கும் நான் சொன்னதில்லை. எனக்கும் அப்போது கலியாண வயதில் ஒரு மகன் இருந்தான். சொல்லும்போது முகம் எரிந்தது. பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சரோ அக்கா வாயில் கை வைத்திருந்தார். பிறகு சம்பந்தியின் மனைவி பெட்டிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"உந்த நீலத்தை நீங்கள் காலமையோ போடுறனீங்கள்? எனக்கு அதைக் காலமை போட்டா தலை சுத்துது."

"நீ சும்மா இரு" என்றார் சம்பந்தி.

"என்னத்துக்கு நான் சும்மா இருக்க? உங்கட ஜக்கெற் பைக்குள்ள கிடக்கிறதையும் எடுத்து வையுங்கோ. மத்தியானக் குளிசை போடாமல் பாயாசம் குடிச்சிட்டு இருக்கிறியள்."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. சம்பந்தியின் பையிலிருந்து இரண்டு போத்தல் வந்தது. சரோ அக்கா உள்ளே ஓடிப்போய்ச் சாமி அறையில், படங்களுக்குப் பின்னாலிருந்து தைரொயிட் குளிசையைக் கொண்டுவந்தார். கணவருக்கே தெரியாதாம். இப்போது போட்டி மறுபக்கம் திரும்பியது. "உங்களுக்கு ஒண்டுதானே, எனக்கு ரெண்டு கண்ணிலயும் புரை வெட்டினது" என்றார் சம்பந்தி பெருமையாக. அவர் மனைவி பித்தப்பையை எடுத்த கதையைச் சொன்னார், கல்லு எவ்வளவு பெரிது என்று விரலால் காட்டினார். சரோ அக்காவின் பரம்பரையில் தூக்கத்தில் போனவர்கள் எல்லாரும் ஒரு நிமிடத்தில் மாரடைப்பில் போனார்கள்.

குணம் அண்ணை மட்டும் இன்னும் பேனையைப் பொத்தியபடி இருந்தார். பிறகு இரண்டு கையையும் மேசைக்கு மேல், எல்லாரும் பார்க்க விரித்து வைத்தார்.

"எனக்கு ஊசி" என்றார். "வாதம். கனகாலமா. ஊசி இல்லாட்டி இந்தக் கை இப்பிடித்தான்." பேனை உருண்டு பாயாசக் கோப்பையில் முட்டியது. "பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப் போடும் எண்டுதான் சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். "ஓம் அண்ணை, தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஊசி போடுறனீங்கள் எண்டு. எங்கட மகன் எங்களுக்கு எப்பவோ சொல்லிட்டான். உங்கட பிள்ளை அவனுக்குச் சொன்னதாம்."

குணம் அண்ணை கதிரையை அவர் பக்கம் திருப்பினார். "தெரிஞ்சுகொண்டோ மத்தியானம் தொடக்கம் சப்பாத்து சப்பாத்து எண்டு நிண்டனீங்கள்?"

"வேற என்ன செய்ய?" என்று சம்பந்தி பரிதாபமாகக் கேட்டார். "மருந்துப் பிளானை எடுங்கோ எண்டு நான் சொன்னா, எனக்குத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. நீங்கள் மறைக்கிறதை நான் எப்பிடி அண்ணை தெரிஞ்சு வைச்சிருக்கிறது? அதாலதான் எழும்பி எழும்பிப் போகப் பாத்தம். நீங்கள் விட்டால்தானே!"

ஒருவர் மானத்தை மற்றவர் காப்பாற்றுகிறேன் என்று, இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு மனிதரை முடமாக்கப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் பாயாசத்தோடு. சரோ அக்கா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அழுகையாகி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மருந்துத் திட்டத்தின் படிவத்தைத் தள்ளி வைத்தேன். குணம் அண்ணை கையெழுத்து வைத்தார், கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. சரோ அக்காவும் வைத்தார். அந்த மேசையிலேயே படம் பிடித்து அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று பதில் வரும்வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஐந்து மணிக்கு முன்னமே வந்தது.

என் குளிசைப் பெட்டியின் கதை அடுத்த கிழமையே ஸ்காபரோவில் என்னைவிட வேகமாக நடந்தது. ஒரு பெண் வீட்டார் என் மகனின் சாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள், காருக்குள் கூட்டாளியை வைத்துவிட்டு வரவில்லை. தங்களுக்குத்தான் வருத்தம் என்று சொன்னார்கள். ஆகவே பிள்ளைகளே, இரகசியத்தைக் காப்பாற்றுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் ஒரு வீட்டில் எல்லாரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தால், முதலில் வெட்கப்படுகிற ஆளாக நீங்கள் இருங்கள். அதற்கு ஒருவரும் உங்களுக்குச் சம்பளம் தர மாட்டார்கள்.

அன்றைக்கு நான் படிவங்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சரோ அக்கா பிறிட்ஜிலிருந்து ஓர் ஐஸ்கிரீம் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள்தான் கடைசி ஊசி இருந்தது. இனி அதைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. குணம் அண்ணை ஊசியின் மூடியைக் கழற்றப் பார்த்தார். விரல் கேட்கவில்லை. இன்னொருமுறை பார்த்தார். சரோ அக்கா இன்னும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியின் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, குணம் அண்ணைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசியை அவர் கையிலிருந்து வாங்கினார். சம்பந்தி ஊசிக்குப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"போனமுறை வயித்தில எந்தப் பக்கம் போட்டனீங்கள், அண்ணை?"

"இடப்பக்கம்."

"அப்ப இண்டைக்கு வலப்பக்கம். சட்டையைத் தூக்குங்கோ."

குணம் அண்ணை தூக்கினார்.